வடசென்னைத் தெரு நாய்களுக்கு வைத்திய உதவி

கிராமத்தில் ஒரு மாடு நோயுற்றால் அதற்கு உடையவன் ஒருவன் இருக்கிறான். வைத்தியரைத் தேடிச் செல்பவனும் அவனே. மருந்துக்குப் பணம் கொடுப்பவனும் அவனே. பட்டணத்துத் தெருவில் திரியும் நாய்க்கு அவ்விதம் உடையவன் எவனும் இல்லை. ஆகவே அது நோயுற்றால் கவனிப்பார் இலர். அந்நோய் மனிதரையும் பற்றக்கூடியதாயின், அதன் பலனை அனுபவிப்பவர் அத்தெருவில் வசிக்கும் ஏழை ஜனங்களும் அவர்களுடைய குழந்தைகளுமே ஆவர். இக்காரணம்பற்றித் தெரு நாய்களுக்கு வைத்தியம் செய்தல் ஜீவகாருண்யச் செயல் மாத்திரமன்று. பொதுஜன சுகாதாரத்தைச் சேர்ந்த காரியமும் ஆகும். இவ்வுண்மையை நன்கு விளக்கிக் காட்டுவது சென்னை நகரின் வடபாகமாகிய துறைமுகப் பிரதேசம்.

இராயபுரத்தில் நிகழ்ந்தது

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் இராயபுரம் ஜி. ஏ. ரோட்டில் நாய் ஒன்று வெறிகொண்டு ஓடி, எதிர்ப்பட்டோரையெல்லாம் கடித்தது. கடிபட்டவர் 25 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். காயமுற்றோர் அருகிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்காகச் சென்றனர். நாயை ஜனங்கள் அடித்துக் கொன்றுவிட்டனர். பின்னர் அதன் உடலைப் பரிசோதித்ததில் அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியாயிற்று. உடனே மாநகராட்சியார் அப்பக்கத்து நாய்கள் பலவற்றைப் பிடித்துக் காவலில் வைக்க நேர்ந்தது.

இச்சம்பவத்தில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அந்நாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி குத்தப்பட்டிருந்தால் இத்தனை பேர் ஊசிக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்ந்திராது. கடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மாத காலத்தில் பலமுறை ஊசி போட வேண்டும். ஆழ்ந்த காயமாயின் அதற்கென விசேஷ மருந்தும் வேண்டும். அன்றாடக் கூலியால் ஜீவிப்போருக்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு வேளைக் கூலியின் நஷ்டமாகும். தமிழ்நாடு முழுவதிலும் 2024 ஆம் ஆண்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4,80,000. வெறிநோயால் இறந்தோர் 43 பேர். ஆகவே தெரு நாய்க்கு முன்கூட்டிச் செய்யும் சிறு செலவு, மனிதருக்குப் பின்னர் நேரும் பெருஞ்செலவையும் உயிர்ச்சேதத்தையும் தடுப்பதாகும்.

பிரதேசத்தின் இயல்பு

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் கடற்கரையை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாய் வடக்கு நோக்கிச் செல்கின்றன. 1856 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி புறப்பட்டது இராயபுரத்திலிருந்தே. துறைமுகம், மீன்பிடி துறைமுகம், அனல் மின்சார நிலையங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றை நம்பி இங்கே திரளான ஜனங்கள் நெருங்கி வாழ்கின்றனர்.

இவ்விடத்து நாய்களுக்கு ஆகாரம் பல வழிகளில் கிடைக்கிறது. காசிமேட்டில் விடியுமுன் படகுகள் கரை சேர்ந்து ஏலம் முடிந்தபின் மீன் கழிவு குவிந்து கிடக்கும். இறைச்சிக் கடைகளின் கழிவும், சாப்பாட்டுக் கடைகளின் எச்சிலும், கொடுங்கையூர்க் குப்பை மேடும் வேறு உள்ளன. ஆகாரம் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு நாய்களும் பெருகும். பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் பருவமடைகிறது. சினைக்காலம் சுமார் 63 நாட்கள். வருஷத்தில் இருமுறை ஈனவும் கூடும். பிறக்கும் குட்டிகளிற் பெரும்பாலானவை மழையிலும் நோயிலும் லாரிச் சக்கரத்திலும் மடிந்துபோகின்றன. எஞ்சியவை வளர்ந்து இறந்தவற்றின் இடத்தை நிரப்புகின்றன. இவ்வாறு எப்பொழுதும் இளம் நாய்களே மிகுந்திருத்தலால், சென்ற ஆண்டு குத்திய ஊசியின் பயன் இவ்வாண்டு குறைந்துவிடுகிறது.

மற்றொரு விஷயமும் அறியத் தக்கது. இந்நாய்களை ‘எவருடையவை?’ என்று கேட்டால், ‘தெரு நாய்தான்’ என்று யாவரும் சொல்லுவர். ஆயினும் மீன் விற்கும் ஆயா ஒருத்தி ‘மணி’ என்று அழைத்தால் ஒன்று வாலை ஆட்டி ஓடிவரும். டீக்கடைக்காரர் ‘கருப்பா’ என்றால் மற்றொன்று எழுந்து நிற்கும். உரிமைச் சீட்டு இல்லையேயன்றி உறவு இருக்கிறது. வைத்திய உதவிக்கு இவ்வுறவே முக்கியமான கைப்பிடி.

கொன்று ஒழிக்க முயன்ற காலம்

நாய்களைப் பிடித்துக் கொல்வதே பரிகாரம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. சென்னையில் அம்முறை 1860 ஆம் ஆண்டிலேயே தொடங்கியதாகவும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டதாகவும் ப்ளூ கிராஸ் சங்கத்தார் குறித்திருக்கின்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட இம்முயற்சியால் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை.

இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒவ்வொரு நாய்க் கூட்டமும் தன் தெருவைத் தன் எல்லையாகக் காத்து, அயல் நாய் நுழையவொட்டாமல் தடுக்கிறது. அக்கூட்டத்தை அப்புறப்படுத்தினால் ஆகாரம் அப்படியே இருக்க, இடம் மாத்திரம் காலியாகிறது. சில வாரங்களில் அக்கம்பக்கத்து நாய்கள் அங்கே குடியேறுகின்றன. புதிதாய் வந்தவற்றிற்குத் தடுப்பூசி குத்தப்பட்டதா என்பது எவருக்கும் தெரியாது. அன்றியும், ஜனங்கள் தாங்கள் சோறிட்ட நாயைக் கொலைக்குப் பிடித்துக் கொடுக்க விரும்பாமல் ஒளித்துவைத்தனர். பிடிப்போரிடம் நம்பிக்கையற்ற தெருவில் எவ்விதச் சிகிச்சையும் நடைபெறாது.

1959 ஆம் ஆண்டில் காப்டன் வி. சுந்தரம் என்பவரால் சென்னையில் ஸ்தாபிக்கப்பட்ட ப்ளூ கிராஸ் சங்கம், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி குத்தி விட்டுவிடும் முறையை 1960-களிலிருந்தே வற்புறுத்தி வந்தது. 1996 ஆம் ஆண்டில் மாநகராட்சியார் கொல்லும் முறையைக் கைவிட்டு இதனை மேற்கொண்டனர். பின்னர் 2001 ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கினர். 2023 ஆம் ஆண்டில் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை அவற்றின் இடத்திலேயே விடவேண்டும் என்றும், வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றும் உத்தரவிட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து பிடித்த நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்று மற்றோர் உத்தரவும் பிறந்தது.

நூற்றுக்கு எழுபது

வெறிநோய் ஒரு நாயினின்று மற்றொரு நாய்க்குப் பரவி நிலைபெறுவது. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி குத்திவந்தால் பரவும் சங்கிலி அறுபட்டுவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் கண்ட உண்மை. எல்லா நாய்களையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டாலும் பயனில்லை. மேலும், ஒரு தெருவில் முழுதும் குத்தி, அடுத்த தெருவை அடியோடு விட்டுவிட்டால் நோய் அங்கே தங்கிவிடும்.

சென்னையில் 2024 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி தெரு நாய்கள் சுமார் 1,81,000. இவற்றில் கருத்தடை பெற்றவை ஏறக்குறைய 27 விழுக்காடே. தடுப்பூசிக்கு 70 விழுக்காடு வேண்டுமாயின் 1,26,000-க்கு மேற்பட்ட நாய்களை ஆண்டுதோறும் அணுக வேண்டும். இவ்வளவையும் புளியந்தோப்பு நிலையம் போன்ற சில இடங்களுக்குக் கொண்டுவந்து குத்துவது இயலாத காரியம். கருத்தடை சஸ்திர சிகிச்சையாதலால் அதற்கு நிலையம் வேண்டும். தடுப்பூசிக்கோ தெருவே போதும். இதனையறிந்தே மாநகராட்சியார் 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தெருத்தெருவாகச் சென்று தடுப்பூசி குத்தி, உண்ணி முதலியவற்றிற்கும் மருந்தளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினர்.

இம்முறையால் பலன் உண்டா என்று ஐயுறுவோர் கோவாவைப் பார்க்கலாம். ‘மிஷன் ரேபீஸ்’ என்னும் தர்ம ஸ்தாபனத்தார் அவ்விடத்து அரசாங்கத்தாருடன் கூடி, வலை வீசிப் பிடித்து ஊசி குத்தியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாய்க்கடியைப் பற்றி உபதேசித்தும் வந்தனர். 2021 ஆம் ஆண்டில் கோவா வெறிநோய் கட்டுக்கடங்கிய பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. மெக்ஸிகோ தேசம் நாயினால் மனிதருக்கு வரும் வெறிநோயை முற்றும் ஒழித்ததாக 2019 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தாரால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

தெருவில் நடைபெறும் வேலை

ஊசி குத்தும் கூட்டத்தார் செல்லத் தக்க வேளை அதிகாலை. அப்பொழுது வண்டிகள் குறைவு. நாய்களும் தத்தம் இடத்தில் படுத்திருக்கும். காசிமேட்டில் மாத்திரம் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்தபின் செல்வது நலம். நாள்தோறும் சோறிடுபவரை முதலில் கண்டு பேசி, அவர் கையாலேயே நாயைப் பிடிக்கச் செய்தால் வலையே வேண்டாத நாய்கள் பல உண்டு. மற்றவற்றை வலையால் பிடித்து, ஊசி குத்தி, வர்ண அடையாளமிட்டு உடனே விட்டுவிட வேண்டும். கழுத்தில் கம்பிச் சுருக்கு மாட்டி இழுப்பது கொடுமை. அதைக் கண்ட மற்ற நாய்கள் மறுமுறை அகப்படா.

தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வீரியம் குன்றும், உறைந்துபோனாலும் கெடும். ஐஸ் குறைந்தால் மீன் என்னவாகும் என்பதைக் காசிமேட்டாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துக்கும் அவ்வாறே என்றால் அவர்கள் எளிதில் உணர்வர்.

கருத்தடைக்குப் பிடித்த நாயை நிலையத்தில் வைத்து, சஸ்திர சிகிச்சைக்குப்பின் காயம் தேறும்வரை காத்து, காதின் நுனியில் சிறு துண்டு கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விடுகின்றனர். காதில் வெட்டுள்ள நாய் கருத்தடை பெற்றது என்று அறியலாம். பால் கொடுக்கும் தாய் நாயைக் குட்டிகளினின்று பிரித்துக் கொண்டுசெல்லுதல் தகாது. குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுத்தல் வேண்டும்.

சாதாரண நோய்களும் தவறான பரிகாரங்களும்

சொறி: மயிர் உதிர்ந்து தோல் தடித்து நாய் ஓயாது சொறிந்துகொண்டிருக்கும். இது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் உண்டாவது. நாயோடு நெருங்கிப் பழகும் குழந்தைகளுக்கும் சிலநாள் அரிப்பு உண்டாக்கும். பட்டறைகள் நிறைந்த இப்பிரதேசத்தில் வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயை நாயின்மேல் பூசும் வழக்கம் உண்டு. நாய் அதை நக்கி விஷமேறித் துன்புறும், தோலும் வெந்துபோகும். வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் ஐவர்மெக்டின் முதலிய மருந்துகளால் சொறி சில வாரங்களில் குணமாகிறது. மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக நாய்க்குக் கொடுத்தல் அபாயம்.

புழு வைத்த புண்: கன்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும் எண்ணூர்ச் சாலையில் அடிபடும் நாய்கள் பல. காயத்தில் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழுத்துவிடும். மண்ணெண்ணெயும் பினாயிலும் ஊற்றினால் புழுவோடு சதையும் வெந்துபோகும். உப்பு நீரால் கழுவி, புழுக்களை எடுத்து, வைத்தியர் கொடுக்கும் களிம்பைத் தினமும் இட்டுவருதலே சரியான முறை.

மர்மஸ்தானக் கட்டி: நாய்கள் இணைசேர்வதால் ஒன்றினின்று மற்றொன்றுக்குப் பரவும் கட்டி இது, இரத்தம் வடிந்துகொண்டிருக்கும். பார்வைக்குப் பயங்கரமாயினும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் குத்தினால் பெரும்பாலும் முற்றும் குணமாகிறது. கருத்தடை செய்யப்பட்ட தெருக்களில் இந்நோய் பரவுவது குறையும்.

இச்சிகிச்சைகளுக்கெல்லாம் இடையூறு மருந்தின் அருமையன்று, தூரமே. எண்ணூரிலிருந்து வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பல மைல். 1903 ஆம் ஆண்டில் தோன்றிய இக்கல்லூரியின் ஆஸ்பத்திரியில் கைதேர்ந்த வைத்தியர்கள் உளர். ஆயினும் சொறி நாயை ஏற்றிச் செல்ல ஆட்டோக்காரர் உடன்படார். உடன்பட்டாலும் கூலி கொடுக்க ஏழைக்கு இயலாது. ஒருநாள் வேலையும் கெடும். வாரந்தோறும் குத்த வேண்டிய ஊசிக்கு வாரந்தோறும் யார் செல்வர்? ஆதலின் குறித்த நாளில் குறித்த தெருமுனைக்கு வைத்தியர் வந்துபோகும் ஏற்பாடே இத்தகைய இடங்களுக்குப் பொருத்தமானது. நாள் தவறாமல் வந்தால் ஜனங்களே நாயைப் பிடித்துவைத்துக் காத்திருப்பர். அவ்வாறு சொறிக்கு வந்த நாய்க்கே வெறிநோய் ஊசியும் குத்திவிடலாம்.

வெறிநோயின் அறிகுறிகளும் கடிபட்டோர் செய்ய வேண்டுவனவும்

வெறிகொண்ட நாயின் குணம் மாறும். சாது நாய் சீறும். ஓடித்திரிந்த நாய் இருளில் பதுங்கும். கல், மரம் முதலியவற்றைக் கடிக்கும், குரல் கம்மும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், பின்னங்கால் தளரும், பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். இத்தகைய நாயைக் கண்டால் குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, மாநகராட்சியாரின் 1913 என்னும் டெலிபோன் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். கூட்டங்கூடி அடிப்பதால் அடிப்பவரே கடிபடுவர். மண்டை நசுங்கினால் மூளையைப் பரிசோதித்து நோயை உறுதிசெய்வதும் அரிதாகும்.

கடிபட்டவர் உடனே காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷ நேரம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதையும் அப்பலாகாது. பின்பு தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். வைத்தியர் குறித்த நாட்களில் ஒன்றையும் விடலாகாது. இரத்தம் வந்த காயமாயின் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் குத்துவர். நகம் கீறியதையும் அற்பமென்று எண்ணலாகாது. வெறிநோயின் குறி மனிதரிடம் தோன்றியபின் மருந்தில்லை. உலகில் இந்நோயால் ஆண்டுதோறும் இறப்போர் சுமார் 59,000 பேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களிற் பலர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர். அடிக்குப் பயந்து நாய்க்கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆதலால், கடித்தாலும் கீறினாலும் வந்து சொன்னால் அடிக்கமாட்டோம் என்று பெற்றோர் முன்னரே சொல்லிவைத்தல் நன்று.

மாடு, ஆடு வளர்ப்போருக்கு

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கங்களில் எருமையும் பசுவும் ஆடும் வளர்ப்போர் இருக்கின்றனர். வெறிநாய் மாட்டையும் கடிக்கும். கடிபட்ட மாடு சில வாரங்களோ மாதங்களோ கழித்து ஓயாது கத்தும், எச்சில் வடிக்கும், விழுங்கமாட்டாது தவிக்கும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்றெண்ணி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது பெருந்தவறு. எச்சிலின் வழியே நோய் கையிலுள்ள சிறு கீறலிலும் ஏறும். நாய் கடித்த அன்றே காயத்தைக் கழுவிக் கால்நடை வைத்தியரிடம் காட்டினால் மாட்டுக்கும் தடுப்பூசி உண்டு. நோய்கண்ட மாட்டின் பாலைக் கறக்கவோ பருகவோ கூடாது. தொழுவத்துக் காவல் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், வைத்தியர் சொல்லும்படி மறு ஊசியும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் குத்திவைப்பது தொழுவம் முழுவதற்கும் காவலாகும்.

தெருவாரின் பங்கு

அரசாங்கத்தாரும் மாநகராட்சியாரும் தர்ம ஸ்தாபனங்களும் செய்வன ஒருபுறமிருக்க, தெருவாரும் செய்யத் தக்கன சில உள. மீன், இறைச்சிக் கழிவுகளைத் தொட்டியிலிட்டு மூடிவைத்தல் ஒன்று. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் விலகி, ஒரே இடத்தில் ஒரே வேளையில் நாய்க்குச் சோறிடுதல் மற்றொன்று. தெருவில் நாய்கள் எத்தனை, அவற்றுள் காதில் வெட்டுள்ளவை எவை, ஊசி குத்தாதவை எவை என்பதை ஒருவர் குறித்துவைத்து, கூட்டத்தார் வருகையில் காட்டுதல் மூன்றாவது. இதற்குப் பணம் வேண்டியதில்லை. பார்த்துவைக்கும் கண் ஒன்றே வேண்டும்.

சோறிடுபவரே அந்நாய்க்கு உடையவரைப்போல் நின்று, ஊசிக்கு அதனைப் பிடித்துக் கொடுப்பாராயின், நூற்றுக்கு எழுபது என்னும் அளவு எட்டாததன்று. அவ்வளவை எட்டிய தெருவில் குழந்தை அச்சமின்றிப் பள்ளிக்குச் செல்லும். இரவு வேலை முடிந்து வருவோனும் கலக்கமின்றி வீடு சேருவான்.